வாப்பாவின் அறைக்குக் கீழே ஓடிய குழாய்

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விடியற்காலை சுபஹ் தொழுகைக்கு முன்னால் குளியலறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வருகிறேன், வாப்பாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து 'களக், களக்' என்று ஒரு ஒலி.

"உங்கட கட்டிலுக்குக் கீழ ஆரோ வாய் கொப்புளிக்கிறாங்க வாப்பா" என்றேன்.

வாப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தண்ணி போகல்ல மகள். நிண்டு நிண்டு போகுது" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் அப்போது நான் யார் சொல்லையும் கேட்கிற நிலையில் இல்லை. புது வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதில் ஒரு குறை இருக்கிறது என்று யாராவது சொன்னாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். என் கோபத்தைப் பற்றி அங்கே பிள்ளைகளிடம் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள்.

வீடு பாலாவிச் சந்தி தாண்டி, கற்பிட்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. என்னைக் கட்டின மாப்பிள்ளை கத்தாரில். வீட்டில் நானும் வாப்பாவும் மட்டும்தான். வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். சமதரையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஒரு படி என்றால், அது எவ்வளவு சின்னப் படியானாலும், ஆள் பிடித்தால்தான் ஏறுவார். இடது கால் எழும்பாது.

அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசை, கக்கூசுக்குத் தனியாகப் போய்த் தனியாக வருவது. இதை நான் சிரிப்புக்கு எழுதவில்லை. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதில் மன்னாரிலிருந்து எல்லாரோடும் கிளம்பி வந்தபோது வாப்பா சொந்தமாகப் புடவைக் கடை வைத்திருந்த மனிதர். அதற்குப் பிறகு இங்கே முகாமில் கையில் வாளியோடு கக்கூசு வரிசையில் நின்றார். முன்னால் அவரிடம் வேலை செய்தவன், பின்னால் பக்கத்துக் குடிசைப் பெண்பிள்ளை. உள்ளே அதிக நேரம் இருந்தால் வெளியே தகரத்தைத் தட்டுவார்கள். அந்த நாட்களைப் பற்றி வாப்பா அதிகம் கதைத்ததில்லை. "எதுக்கும் வரிசையில நிக்கலாம், அதுக்கு நிக்கிறது பெரிய கேவலம்" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான்.

அதனால் வீடு கட்டும்போதே அவருடைய அறையோடு ஒட்டி ஒரு குளியலறை வைத்தேன். கிழக்குப் பக்கம், வீட்டின் பின்புறம். கழிவுக் குழியும் அந்தப் பக்கமே. குழாய் ஆறடிதான். வேலை செய்த கொத்தனார், எங்களுக்கு மேசன் பாஸ், சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கொமட்டைப் பொருத்திவிட்டு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

வாப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "இது கிப்லாவப் பாத்து இருக்கே" என்றார்.

அது உண்மைதான். உட்கார்ந்தால் முகம் நேராக மேற்கே, தொழுகிற திசைக்கு. பாஸுக்கு அது தெரிய நியாயம் இல்லை, நான் கவனித்திருக்க வேண்டும். திருப்பி வைக்கலாம் என்றால் கிழக்கே முகம், மேற்கே முதுகு. அதையும் வாப்பா ஏற்கமாட்டார். வடக்குத் தெற்காக வைக்கவோ அந்த அறை ஒடுக்கம், வாக்கர் போக இடம் இல்லாமல் போகும். நான்கு சுவருக்குள் என்றால் பரவாயில்லை என்று மார்க்கக் கிதாபில் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கு மகள். எனக்கும் தெரியும். ஆனா நான் ஒரு நாளைக்கு அஞ்சு தரம் அந்தப் பக்கம் பாத்துத் தொழுறன். மனம் கேக்காது" என்றார்.

எனவே இடத்தையே மாற்றினோம். வாப்பாவின் அறைக்கு மேற்குப் பக்கத்தில் சாமான் போட வைத்திருந்த அறை அகலமானது. அதைக் குளியலறையாக்கி, பழையதைச் சாமான் அறையாக்கினோம். குழியை மட்டும் மாற்ற முடியவில்லை, முன்பக்கம் கிணறு இருந்தது. ஆகவே குழாய் புதிய குளியலறையில் தொடங்கி, வாப்பாவின் அறைக்கு அடியால் முழு நீளத்துக்கும் போய், பின்பக்கக் குழியில் விழ வேண்டும்.

பாஸ் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், அங்க ஆறடி. இங்க இருந்து முப்பதடி. ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேணும்."

"வாட்டம் எண்டா சரிவுதானே? குடுங்க."

"எங்க குடுக்கிறது? குழியப் பதிக்க ஏலாது, நாலடியில தண்ணி வருது. அப்ப இந்தப் பக்கத்தத்தான் உசத்தணும். எட்டு அங்குலம். குளியலறை வாசல்ல ஒரு படி வரும்."

முப்பதைக் காலால் பெருக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஏழரை அங்குலம். அந்த மனிதர் ஒரு விரல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் படி என்ற சொல்லைக் கேட்டதும் என் காது அடைத்துப்போனது.

"படி வேணாம். வாப்பாக்கு ஏற ஏலாது. தரையோட தரையா வெச்சுப் போடுங்க. தண்ணிய ரெண்டு வாளி கூட ஊத்தினா எல்லாம் போகும்."

"போகும்... இப்ப போகும்" என்றார் பாஸ். பிறகு, "டீச்சர் சொன்னா சரி" என்றார்.

எங்கேயெல்லாமோ இழுத்துப் பிடித்து முப்பதடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கொடுத்தார். மேலே மணலைப் போட்டு, கொங்கிரீட் போட்டு, டைல் பதித்தார்கள். வாப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாக உள்ளே போனார், கதவைச் சாத்தினார், தனியாக வெளியே வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்தது சரி என்று நினைத்தேன்.

சத்தம் நாளுக்கு நாள் நீண்டது. முதலில் ஊற்றும்போது மட்டும் வந்தது. பிறகு ஊற்றி முடித்துப் பத்து நிமிடம் கழித்தும் வந்தது. நான் குளித்தால் தண்ணீர் கணுக்கால் வரை நின்று, யோசித்து யோசித்து இறங்கும். கொமட்டில் ஊற்றினால் தரையில் இருக்கும் துவாரத்தில் குமிழி கிளம்பும். வாங்காத மருந்தில்லை. அசிட் ஊற்றினேன், நீளக் கம்பி விட்டுக் குத்தினேன், சுடுதண்ணீர் ஊற்றினேன். கத்தாரிலிருந்து மாப்பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்பிய வைத்தியங்களும் ஒன்று விடாமல் செய்தேன். இரண்டு நாள் அடங்கியிருக்கும். மூன்றாம் நாள் கட்டிலுக்குக் கீழே மறுபடியும் 'களக், களக்'.

குழி நிரம்பிவிட்டதோ என்று கழிவு இறைக்கும் பவுசர் லொறியைக் கூப்பிட்டேன். அதில் வந்த மனிதர் இறைத்து முடித்துக் குழாயைச் சுருட்டும்போது, "டீச்சர், உங்கட குழிக்குள்ள சரியான மணல். அரைவாசி மணல்தான்" என்றார்.

"மணல் ஊர்தானே" என்றேன். அவர் போய்விட்டார். கணிதம் படிப்பிக்கிறவள் நான். குழிக்குள் இவ்வளவு மணல் வந்தால் வேறெங்கோ அவ்வளவு மணல் குறைந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. நிலத்தடித் தண்ணீர் மேலே வந்தது. அப்போதுதான் நான் உண்மையாகவே பயந்தேன், ஏனென்றால் யாரும் தண்ணீர் ஊற்றாத நேரத்திலும் அந்தச் சத்தம் கேட்டது. நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன், வாப்பா கதிரையில் இருந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருப்பார், அறைக்குக் கீழே எதுவோ விழுங்கும். ரோட்டில் சீமெந்து லொறி போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அதற்கடுத்த நிமிடம் தரைக்குக் கீழே ஒரு சரசரப்பு. வாப்பாவின் அறையில் இருந்த அலுமாரிக் கதவு தானாகத் திறக்கத் தொடங்கியது. சாத்திவிட்டுத் திரும்பினால் மெல்லத் திறந்துகொண்டு வரும். கடதாசியை மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். பிசாசுக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறவள் நான். அந்த நாட்களில் அந்த அறைக்குள் ஆயத்துல் குர்ஸி ஓதாமல் நுழையவில்லை.

"வாப்பா, நீங்க என்ட அறையில படுங்க" என்றேன்.

"உங்கட அறையில இருந்து கக்கூசுக்குப் போக ரெண்டு வாசல் தாண்டணும். நான் இங்கயே இருக்கன்."

மூன்று நாள் விடாமல் மழை பெய்த ஒரு பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது, பக்கத்து அறையிலிருந்து வாப்பா கூப்பிட்டார். குரலில் அவசரம் இல்லை.

"மகள், கட்டில் சரியுது."

போய்ப் பார்த்தேன். கட்டிலின் ஒரு கால் நின்ற டைல் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. வாப்பா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஹோலில் கதிரையில் கொண்டுபோய் இருத்தினேன். பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து அறைத் தரையைத் தட்டிப் பார்த்தேன். சுவரோரம் 'டொக்' என்று கனமாகக் கேட்டது. நடுவுக்கு வரவர 'டப், டப்' என்று வெறும் பானையைத் தட்டினதுபோல் கேட்டது. என் கைப்பையில் எப்போதும் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி இருக்கும். சத்தம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தேன். குளியலறைச் சுவரில் தொடங்கின கோடு அகன்றுகொண்டே போய், அலுமாரியின் ஒரு மூலையைச் சுற்றி, அறையின் மறுபக்கத்துக்கு வந்தது. இழுத்து முடித்தபோது வாப்பாவின் கட்டில் முழுதாக அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

அறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எத்தனை நாள் அதன் மேல் படுத்தார், எத்தனை தரம் அதன் மேல் நடந்து கக்கூசுக்குப் போய் வந்தார் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் காலை பாஸ் வந்தார். கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, என் கோட்டுக்கு நடுவில் அலவாங்குக் கம்பியால் ஒரு குத்துக் குத்தினார். கொங்கிரீட் உடைந்தது. அலவாங்கு நிற்கவில்லை, அவர் கை முட்டி தரையில் இடிக்கும்வரை உள்ளே போனது. பெரிதாக உடைத்து டோர்ச் அடித்துக் காட்டினார். கீழே ஒரு ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு வெற்றிடம். நடுவில் குழாய் தொய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு துண்டும் சேருகிற மூட்டு வாயைத் திறந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஈர மணல் அந்த வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஓடல்ல, நிண்டிருக்கு. பாரத்துக்குக் குழாய் வளைஞ்சு மூட்டு விட்டுட்டு. இந்த மணல் எல்லாம் குழாயால குழிக்குப் போயிட்டு டீச்சர். இன்னொரு மழை பேஞ்சிருந்தா..." அவர் முடிக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "என்ன வேலை பாஸ் இது? மனிசன் படுக்கிற அறை இது! உங்கள நம்பித்தானே தந்தன்?" என்று கத்தினேன். ஹோலில் வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. பாஸ் என்னைப் பார்த்தார், ஹோலில் இருந்த வாப்பாவைப் பார்த்தார், பிறகு குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நீங்கள்தானே படி வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. எந்த பாஸ் செய்தது என்று ஊரில் கேட்டவர்களிடம் பிறகும் நான் அவரைத்தான் கைகாட்டினேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தோம். தரைக்குக் கீழிருந்த வெற்றிடத்தில் மணலை இட்டுத் தண்ணீர் விட்டு இடித்தார்கள். பாஸ் கண்ணாடி ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைத் தான் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். அதிலிருந்து அடிக்குக் கால் அங்குலம் கணக்குப் பார்த்துக் குழாயைப் பதித்தார். ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் கல் வைத்துக் கட்டினார். கடைசியில் எழும்பி நின்று, முன்பு கேட்ட அதே விஷயத்துக்கு வந்தார்.

"எட்டு அங்குலம் உசத்தியே ஆகணும் டீச்சர். படி ஒண்டு எங்கயாவது வரும். குளியலறைய மட்டும் உசத்தினா, படி அதுட வாசல்ல. இந்த அறையையும் சேத்து உசத்தினா ரெண்டும் ஒரே மட்டம், ஆனா படி ஹோல் வாசல்ல வரும். எங்க வைக்கிறது?"

நான் மனதில் கணக்குப் போட்டேன். வாப்பா மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஹோலுக்கு வருவார். பின்னேரம் விறாந்தையில் இருப்பார். ஆட்கள் வந்தால் வருவார். குளியலறைக்குப் போவது அதைவிடக் குறைவு. குறைவாகப் போகிற இடத்தில் படியை வைத்தால் குறைந்த தரம்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டேன். வாப்பா பத்தடி தள்ளி ஹோலில்தான் இருந்தார்.

படிக்குப் பதில் சரிவாகப் பலகை போட்டுப் பார்த்தோம். வாக்கர் வழுக்கிப் பின்னால் வந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் கொமட் கதிரை ஒன்றை வாங்கி அறையிலேயே வைக்கிறேன் என்றேன். "தொழுற அறையிலயா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கதை அதோடு முடிந்தது. ஆகவே, தேவைப்படும்போது கூப்பிடுவார், நான் வந்து பிடித்து ஏற்றுவேன், வெளியே நிற்பேன், இறக்குவேன் என்று ஏற்பாடு. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு ராத்தா வருவதாகச் சொன்னா. அந்நியப் பெண் தன்னைத் தொட்டுத் தூக்குவதா என்று வாப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நீங்க வாற வரைக்கும் எனக்கு ஒண்டும் வராது" என்றார்.

சத்தம் நின்றுவிட்டது. ஒரு வாளி ஊற்றினால் ஒரே மூச்சில் போனது. நான் ஆசிரியர் அறையில் கடதாசியில் படம் கீறி, நாற்பத்தெட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன். அலுமாரிக் கதவு சாத்தினால் சாத்தினபடி இருந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி.

முதல் வாரம் வாப்பா ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் கூப்பிட்டார். பிறகு இரண்டு. அதன்பிறகு, நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஒரு தரம், படுக்க முன்னால் ஒரு தரம். வெளியே நான் நிற்பது அவருக்குத் தெரியும். இருமுவார், தண்ணீரைத் திறந்துவிடுவார், ஒன்றுமே நடக்காமல் கதவைத் திறப்பார். "போகல்ல மகள், பரவாயில்ல." நான் கட்டிலருகில் வைத்துவிட்டுப் போகும் பெரிய போத்தல் தண்ணீர், நான் வரும்போது எப்போதும் காலியாக இருந்தது. நன்றாகக் குடிக்கிறார் என்று சந்தோசப்பட்டேன்.

மாசி மாதம். ஒரு சொட்டு மழை இல்லை. உப்பளப் பக்கமிருந்து வீசுகிற காற்றில் எல்லாமே காய்ந்து கிடந்தது. ஒரு நாள் துணி காயப்போடப் போனபோது, வாப்பாவின் ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் மணல் ஈரமாக இருப்பதைக் கண்டேன். மறுபடியும் குழாய் விட்டுவிட்டது, மறுபடியும் மணல் போகிறது! ஓடிப்போய் உலக்கையை எடுத்துத் தரையைத் தட்டினேன். எங்கும் 'டொக்' என்று கனமாகத்தான் கேட்டது. இருந்தும் நம்பாமல் பாஸுக்குப் போன் எடுத்தேன். அவ்வளவு ஏச்சு வாங்கிய மனிதர், அடுத்த நாளே வந்தார். ஈர மணலில் ஒரு பிடி அள்ளி மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"இது நல்ல தண்ணி டீச்சர். குழாயால வந்த தண்ணி இல்ல. ஆரோ மேலால ஊத்தியிருக்கு."

அவர் போன பிறகு நான் வாப்பாவிடம் போனேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பதுபோல் கேட்டேன்.

"தண்ணிய ஜன்னலால ஊத்துறீங்களா வாப்பா? அத்திவாரத்துல ஊத்தினா என்ன நடக்கும் எண்டு தெரியாதா? இவ்வளவு பட்டும் போதாதா எங்களுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இனி ஊத்தல்ல மகள்" என்றார்.

ஏன் ஊற்றினார் என்று நான் கேட்கவில்லை. தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்த தண்ணீராக இருக்கும் என்று நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டேன். என் எண்ணமெல்லாம் அந்தத் தரையில்தான் இருந்தது. அடுத்த நாள் போத்தல் நிரம்பியபடி இருந்தது. அதற்கடுத்த நாளும். வாப்பாவின் உதடு வெடித்திருந்தது. பகலிலும் படுத்துக் கிடந்தார். வெயில்தானே என்றேன். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அவர் என்னை உம்மா என்று நினைத்துக்கொண்டு, கடையைப் பூட்டியாயிற்றா, சாவி எங்கே என்று கேட்டார். உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து பதினான்கு வருடம்.

ஆட்டோ பிடித்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம் டொக்டர் பெண். வாப்பாவின் தோலைக் கிள்ளிப் பார்த்தா, அது கிள்ளின இடத்திலேயே நின்றது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறார்?"

"ஒரு பெரிய போத்தல்..." என்று தொடங்கினேன். அவர் குடித்ததாக நான் எண்ணிய தண்ணீர் முழுவதும் மணலில் போயிருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கிட்னி இரண்டும் நன்றாகப் பழுதாகிவிட்டது என்றும், சேலைன் ஏற்றிப் பார்ப்போம் என்றும் டொக்டர் சொன்னா.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வாப்பாவுக்குத் தெளிவு வந்தது. ஒரு பக்கம் சேலைன் போத்தல், மறுபக்கம் கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே வாப்பா. நான் உங்கட மகள்தானே. உங்களப் பிடிக்கிறது எனக்குப் பாரமா?"

"உங்களுக்குப் பாரம் எண்டு நான் சொல்லல்ல" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீங்க கதவுக்கு வெளியில நிண்டா எனக்கு ஒண்டும் போகாது மகள்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குறை சொல்லும் குரலே இல்லாமல் சொன்னார்: "அந்தப் படிய ஹோல் பக்கம் வெச்சிருக்கலாம். சோத்துக்கு உங்களக் கூப்பிட எனக்கு வெக்கம் இல்ல."

வார்டுக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். எத்தனை தரம் போவார், எத்தனை தரம் வருவார் என்று கணக்குப் பார்த்தவள் நான். பத்தடி தூரத்தில் இருந்த மனிதரிடம், படியை எங்கே வைக்க என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கேயே நின்று பாஸுக்குப் போன் எடுத்தேன். குளியலறைப் படி வேண்டாம், அறையை உயர்த்துங்கள் என்றேன். பழைய தரை இறங்கியது என் பிழையால்தான், உங்களில் ஒரு பிழையும் இல்லை என்றும் அப்போது சொன்னேன். "அது பரவாயில்ல டீச்சர். வாப்பா எப்ப வாறார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நான்கே நாளில் வேலையை முடித்தார். அறையும் குளியலறையும் ஒரே மட்டம். படி ஹோல் வாசலில். டொக்டர்மார் இனிச் செய்ய அதிகம் இல்லை என்று சிறுநீர்க் குழாயைக் கழற்றி வாப்பாவை வீட்டுக்கு விட்டார்கள். அந்த அறையில் அவர் பதினொரு நாள் உயிரோடு இருந்தார். சோற்றுக்கும், விறாந்தைக்கும், காற்று வாங்கவும் என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். மற்றதுக்கு, பதினொரு நாளும், தனியாகத்தான் போய் வந்தார்.